கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு: தூக்கம் வராத அப்பாவுடன் ஒரு நாள்

அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். பையின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை. உள்ளே விரலை விட்டுத் துழாவினால் மக்காச்சோள விதைகள் கிடைத்தன. கடையில் வாங்கும் விதையில் பூச்சி அரிக்காமலிருக்க ரோஸ் கலரில் மருந்து பூசியிருப்பார்கள். இந்த விதைகளில் அந்தக் கலர் பாதி போய், கரிசல் மண் ஒட்டியிருந்தது. மூட்டையிலிருந்து எடுத்த விதை என்றால் மண் இருக்காது. இது விதைத்த பிறகு மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது.

மறுநாள் சட்டையிலும் இருந்தது. அதற்கு அடுத்த சட்டையிலும்.

இந்த வலைப்பூவில் இதற்கு முன் கழுகுமலை போனதையும், கடம்பூருக்குப் போளி வாங்கப் போனதையும் எழுதியிருக்கிறேன். கழுகுமலைப் பதிவின் அடியில் ஒருவர், "வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை, நம் பக்கத்திலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது, தெரிந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். பெயர் போடவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் தெரியும். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவிடம் கேட்டேன். "ஊர்ப் பேரு போடாம எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். கிணறு, வாய்க்கால் கிடையாது. முழுக்க மானாவாரி, அதாவது மழையை மட்டும் நம்பி விதைப்பது. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கரிசலில் மழை பெய்த பிறகு இறங்கி விதைக்க முடியாது. காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும். அதனால் புரட்டாசியில் மண் காய்ந்து புழுதியாக இருக்கும்போதே விதையைப் போட்டு மூடிவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பார்கள். விதை மண்ணுக்குள் கிடக்கும். மழை வரும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம்.

எங்கள் ஊரில் அந்த முதல் விதையைப் போடுவது அப்பா. கைராசிக்காரர் என்று பெயர். மேற்கேயிருந்து அடிக்கும் காற்று எப்போது நிற்கிறது, எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்றெல்லாம் பார்த்து ஒரு நாளைச் சொல்வார். அன்றைக்கு அவர் முதல் பிடியைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் டிராக்டருக்குச் சொல்லிவிடுவார்கள். சிலர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போய்த் தங்கள் புஞ்சையிலும் முதல் பிடியை அவரையே போடச் சொல்வார்கள். விதைக் கம்பெனி மாறியது, மாட்டு ஏர் போய் டிராக்டர் வந்தது. முதல் பிடி மட்டும் அப்பா கைதான்.

மூன்று வருடமாக அவர் சொன்ன நாள் எதுவும் சரியாக வரவில்லை. முதல் வருடம் ஐப்பசி முழுக்க வெயில், கார்த்திகைக் கடைசியில் ஒரே கொட்டு. விதை அதற்குள் வீணாகிவிட்டது. இரண்டாவது வருடம் எல்லாம் நன்றாக விளைந்து, களத்தில் கதிரைக் காயப்போட்டிருக்கும்போது தை மாதத்தில் மழை. தையில் மழை பெய்து நான் பார்த்ததே இல்லை. கதிரெல்லாம் பூசணம் பூத்தது. அந்த வருடம்தான் நான் ஒன்பதாவதோடு நின்று கோவில்பட்டியில் ஒரு நெட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது, நாங்கள் திருநெல்வேலி போன வருடம். விதைத்த நாலாம் நாள் புழுதி நனையும் அளவுக்கு ஒரு தூறல். அதை நம்பி விதை மூக்கு விட்டது. பிறகு வெயில். ஊர் முழுக்க முளை கருகிவிட்டது. எல்லாரும் திரும்பவும் விதை வாங்கி, திரும்பவும் அப்பாவைக் கேட்டு, திரும்பவும் விதைத்தார்கள்.

ஒருவர்கூட அவரை ஏசவில்லை. அதுதான் அவரை அரித்தது என்று நினைக்கிறேன். "ஒருத்தனாவது எம்மூஞ்சிக்கு நேர ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்லாருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சாப்பாடு குறைந்தது. தூக்கம் சுத்தமாகப் போனது. யாராவது வீட்டுப் பக்கம் வந்தால் சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். விடியுமுன் புஞ்சைக்குப் போய், விதை முளைத்திருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார். தோண்டினால் விதை கெட்டுவிடும் என்று எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். ஆனாலும் தோண்டினார். ரேடியோவில் வானிலை வந்தால் அம்மா அணைத்துவிடுவாள். அப்பா அணைந்த ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அம்மா பூச்சி மருந்து டப்பாவைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் மாறி மாறி முழித்திருந்தோம்.

தடுப்பூசி போட வரும் நர்ஸ் அக்காதான் அப்பாவைப் பார்த்துவிட்டு, "இது காத்து கருப்பு இல்ல, திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க இதுக்குன்னே டாக்டர் இருக்காவ" என்று சொன்னார். அப்பா, "வேற யாரும் வரவேண்டாம். இவ மட்டும் வரட்டும். இவ வாயத் தொறந்து யார்ட்டயும் எதுவும் சொல்லமாட்டா" என்று என்னைக் காட்டினார்.

உண்மைதான். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்கமாட்டேன். நெட் சென்டரில் யாராவது வந்து என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் ஓனர் அண்ணாச்சியின் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். எழுதுவது வேறு, பேசுவது வேறு.

எங்கள் ஊரிலிருந்து முதல் மினி பஸ் காலை ஆறு இருபதுக்கு. கோவில்பட்டிக்கு ஆளுக்கு நாலு ரூபாய். ஊர்க்காரர்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் அதில் ஏறினோம். டிரைவர் எங்கள் ஊர்க்காரர் என்பதை மறந்துவிட்டோம்.

"என்ன மாமா, காலம்பறயே கெளம்பிட்டிய? நாள் பாக்கவா?" என்றார் அவர், கண்ணாடியில் பார்த்தபடி. "ஏன் கேக்கேன்னா, இதும் முளைக்கலன்னா மூணாவதா ஒரு தடவ போடலாமான்னு எங்க அய்யா உங்கள்ட்ட கேக்கச் சொன்னாவ. நீங்க சரின்னா சரிங்காவ."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டிரைவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா, "திரும்பிருவோம் தாயி" என்றார். "பாத்தியா, இன்னும் என்னயதான் கேக்காவ. நான் அங்க போய் மாத்திரைய வாங்கிட்டு வந்தா, இவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு, கெட்ட புத்தியில நாள் சொல்லிருக்கான்னுதான பேசுவாவ?"

திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர், "ஏறுதியளா, இல்ல வழி விடுதியளா?" என்றார். நான் ஏறிவிட்டேன். ஏறி, உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் டிபன் வாளியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வராது. பஸ் நகரும்போது ஏறி வந்து வாளியை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நாங்கள் போனபோது டிக்கெட் பதினெட்டு ரூபாய். எப்போதும் வலது பக்கச் சீட்டில் உட்காருங்கள். காலையில் தெற்கே போகும்போது இடது பக்கம் வெயில், மத்தியானத்துக்கு மேல் வடக்கே திரும்பும்போதும் இடது பக்கம்தான் வெயில். தூக்கமில்லாதவர்களுக்கு வெயில் முகத்தில் அடித்தால் தலைவலி வந்துவிடும்.

ரோட்டின் இரண்டு பக்கமும் கறுப்பு. புரட்டாசியில் உழுது போட்டது அப்படியே கிடந்தது. ஒரு பச்சை இல்லை. அப்பா வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். என்னவென்று காதைக் கொடுத்தேன். "இங்கனயும் முளைக்கல... இங்கனயும் முளைக்கல..." ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அதையே சொன்னார். கயத்தாறு வந்ததும் காற்றாலைகள் தெரிந்தன. எல்லாம் மேற்கே முகத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. "ஐப்பசியிலயும் மேகாத்து நிக்கல பாரு" என்றார். மேகாத்து என்றால் மேல்காற்று. அது நின்றால்தான் எங்களுக்கு மழை திரும்பும்.

நெட் சென்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் இதைப் பற்றிப் படித்திருந்தேன். கடல் சூடாவது, அதனால் மழைக்காலம் இடம் மாறுவது, எல்லா நாட்டிலும் இந்தப் பேச்சு இருப்பது. அப்பாவிடம் ஒருநாள் திக்கித் திணறிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது உலகத்துக்கு தாயி. நான் சொன்ன நாளுக்கு நான்தான பதில் சொல்லணும்?" என்றார்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் இருக்கிறது. மூன்று ரூபாய். ஆட்டோ ஐம்பது கேட்டார்கள், வேண்டாம். வாசலில் இறங்கி நேரே நடந்தால் சீட்டு போடும் கவுண்டர். நாங்கள் போனபோது எட்டே முக்கால். வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. காசு எதுவும் கிடையாது.

கவுண்டரில் இருந்தவர், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா. கண்ணா, காதா?"

மறுபடியும் சொன்னேன். உதடு மட்டும் அசைந்தது என்று நினைக்கிறேன். அப்பா எனக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். வரிசையில் எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு நிமிடம், வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. அப்போது டப்பாவைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போன அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது.

"மனநலம்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "எங்களுக்கும் அதே சீட்டுதான் சார். ரெண்டையும் சேத்துப் போட்டுருங்க. பிள்ள வேர்த்து வடியுது பாருங்க" என்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வயதில் ஒரு அத்தை, பக்கத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்காரர். கயத்தாறு பக்கத்து ஊராம். அந்த அத்தை என் தோளில் தட்டி, "இதுக்கெல்லாம் என்னட்டி வெக்கம்? காலு ஒடிஞ்சா கட்டு போடமாட்டமா?" என்றார்.

டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். நானும் அந்த அத்தையும் ஓரத்தில் உட்கார, நடுவில் அப்பாவும் கயத்தாற்றுக்காரரும். கயத்தாற்றுக்காரர்தான் முதலில் பேசினார்.

"அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்?"

"கோவில்பட்டிக்குக் கெழக்க."

"கரிசலா?"

"கரிசல்தான்."

"முளைச்சிருக்கா?"

அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு, வீட்டில்கூடச் சத்தமாகச் சொல்லாததை அந்த ஆளிடம் சொன்னார். "மூணு வருசமா என் கை சரியில்ல. நான் விதைய எடுத்தா மழ போயிருது. ஊரையே கெடுத்துட்டேன்."

கயத்தாற்றுக்காரர் துண்டை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நீங்களா? மழய நிப்பாட்டுனது நான்லா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"எங்க ஊர் எல்லையில ஒரு வேம்பு நின்னுச்சு. வண்டி போக எடஞ்சலா இருக்குன்னு நாந்தான் வெட்டுனேன். வேண்டாம்டான்னு எல்லாரும் சொன்னாவ. அன்னைலேருந்து மழ இல்ல."

அப்பா யோசித்தார். "எப்ப வெட்டுனிய?"

"மூணு வருசம் இருக்கும். ஆவணியில."

"எங்களுக்கு மழ நின்னதும் அந்த வருசந்தான். ஆனா அது நான் போட்ட விதையால. நீங்க வேம்ப வெட்டுனதுக்கு எங்க ஊரு மழ எப்படி அண்ணாச்சி நிக்கும்?"

"நீங்க விதச்சதுக்கு எங்க ஊரு மழ எப்படி நிக்கும்? நடுவுல எத்தன ஊரு கெடக்கு!"

"அதத்தான நானும் கேக்கேன். உங்க வேம்பு அம்புட்டுப் பெருசா?"

"உங்க கை அம்புட்டு நீளமா?"

அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. தோளை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். "இங்க பாருங்க, தையில பேஞ்சு கதிரெல்லாம் பூசணம் புடிச்சுதே, அதுக்கு உங்க வேம்பு என்ன செய்யும்?"

"எங்களுக்கும் தையில பேஞ்சுது. உளுந்து செடியிலயே முளைச்சுப் போச்சு."

"உங்களுக்குமா?"

"எங்களுக்குந்தான்."

கயத்தாற்று அத்தை என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்தியாட்டி, ரெண்டு பேரும் வானத்தக் குத்தகைக்கு எடுத்திருக்காவ. இப்போ பங்கு பிரிக்காவ" என்றார்.

எதிர்ப் பெஞ்சில், தம்பியோடு வந்திருந்த ஒரு விளாத்திகுளத்து அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "அப்போ எங்க ஊரு மழய நிப்பாட்டுனது உங்க ரெண்டு பேர்ல யாரு? அதயும் சொல்லிருங்க. எங்க வீட்டுல இவன், தான்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான்."

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. சீட்டு வாங்க நின்ற கம்பவுண்டரும் சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்து போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. "மூணு பேரு தாயி" என்றார் என்னைப் பார்த்து. "ஒரு மழைக்கு மூணு பேரு."

நான் கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னபோது அவருக்குள் போகாத விஷயம், அந்தப் பெஞ்சில் போனது. நான் சொன்னது உலகத்தைப் பற்றி. கயத்தாற்றுக்காரர் சொன்னது பக்கத்து ஊரைப் பற்றி.

எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயதுதான், பெண். அப்பா உட்கார்ந்து, "தூக்கம் வரல" என்றார். "வேற?" என்று டாக்டர் கேட்டார். "வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார். பேச வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. சட்டைப் பைகளிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருந்த விதைகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டு போயிருந்தேன். எடுத்து மேஜையில் கொட்டினேன்.

டாக்டர் ஒரு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்ன ஐயா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றே நினைத்திருக்கிறார். பிறகு அந்த விதைகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எது மூக்கு விட்டுக் கருகியது, எது ஊறாமலே கிடந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நேராகக் கேட்டார்.

"சாகணும்னு தோணிச்சா?"

அப்படி நேராகக் கேட்கக்கூடாது என்றுதான் நானும் அம்மாவும் நினைத்திருந்தோம்.

"தோணிச்சு" என்றார் அப்பா, சாதாரணமாக. "ஆனா விதை மண்ணுக்குள்ள கெடக்கே. அது என்னாச்சுன்னு தெரியாம எப்படிப் போவ?"

அவர் அதைச் சொன்ன பிறகு எனக்குப் பயம் குறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக வீட்டுக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இது மனச்சோர்வு என்ற நோய், சரியாகும் என்றார் டாக்டர். "மழை தப்பிப் போற வருசமெல்லாம் உங்க பக்கத்துலேருந்து நிறைய பேர் வாராங்க. தூக்கத்துக்கும் மனசுக்கும் என்கிட்ட மருந்து இருக்கு. மழைக்கு இல்ல. அதனால மழையப் பத்தி என்கிட்ட பேசலாம், ஆனா கேக்காதீங்க."

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "விதையைத் தோண்டாம இருக்க மாத்திரை உண்டா?" என்று கேட்டார்.

"தோண்டவே வேண்டாம்னு சொல்லல. வாரத்துக்கு ஒரு நாள். விடிஞ்ச பிறகு. மகளக் கூட்டிட்டுப் போங்க."

மருந்து வாங்கும் இடத்தில் இன்னொரு வரிசை. அதுவும் இலவசம். வெளியே வேப்ப மரத்தடியில் கயத்தாற்றுக்காரர்களோடு உட்கார்ந்து டிபன் வாளியைத் திறந்தோம். அவர்களின் புளிச்சோறு, எங்கள் தயிர்ச்சோறு. அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "வேம்பு நிழல் நல்லாத்தான் இருக்கு" என்று கயத்தாற்றுக்காரரைச் சீண்டினார். "வெட்டிராதிய." அந்த அத்தை சிரித்து, வீட்டுக்காரரின் முதுகில் ஒன்று போட்டார்.

திரும்பிய கதையைச் சொல்வதற்கு முன், போக நினைக்கிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் சீட்டு போடமாட்டார்கள். சோறும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டால் முதல் தடவையே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொன்னால் மூன்று தடவை சொல்ல வேண்டிவரும், அது இன்னும் கஷ்டம். நீங்கள் அழைத்துப் போகும் ஆள் பேசமாட்டார் என்றால், நீங்கள் கவனித்த ஒரு பொருளையாவது எடுத்துப் போங்கள். கொஞ்சம் சுகமானதும் மருந்தை நிறுத்திவிடத் தோன்றும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. அப்பா நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் சில தடவை போனோம், ஒரு தடவை அம்மாவும் வந்தாள். பூச்சி மருந்து டப்பா இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. வரவேண்டிய நாளில் இல்லை, வரவேண்டிய அளவிலும் இல்லை. ஊர்க்காரர்கள் இன்னும் அப்பாவிடம்தான் நாள் கேட்கிறார்கள். இப்போது அவர், "எனக்குத் தெரியல, நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்க, சேந்து முடிவு செய்வோம்" என்கிறார். முதல் தடவை அதைச் சொன்னபோது மினி பஸ் டிரைவர், "அதான மாமா, தப்புனா எல்லாரும் சேந்து தப்புவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் திரும்பியது இப்படி. திருநெல்வேலியில் மூன்றே காலுக்குப் பஸ். வலது பக்கச் சீட்டு. கயத்தாற்றுக்காரர்களும் அதே பஸ்தான், எங்களுக்கு முன் சீட்டில். கங்கைகொண்டான் வருவதற்குள் அப்பாவின் தலை சாய்ந்தது. மாத்திரை இன்னும் பைக்குள்தான் இருந்தது, ஒன்றுகூடப் போடவில்லை. முதலில் ஜன்னல் கம்பியில் சாய்ந்தார். பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது என் தோளுக்கு வந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கயத்தாறு நெருங்கும்போது வெளிச்சம் மங்கியது. காற்றில் மண் வாசனை. பிறகு ஒரு துளி, கம்பியில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று. பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "ஏலே, மழைலே!" என்று கத்தினார். கயத்தாற்றுக்காரர் எழுந்து நின்றே பார்த்தார். அத்தை சீட்டின் மேல் முட்டிபோட்டுத் திரும்பி, "ஏட்டி, அப்பாவ எழுப்பு! மழ பெய்யுது! அவுகளுக்குக் காட்டு!" என்றார்.

வெளியே பார்த்தேன். ரோடு முழுதாக நனையவில்லை. துளிக்கும் துளிக்கும் நடுவில் புழுதி அப்படியே இருந்தது. இது பெரிதாகுமா, இல்லை அன்றைக்குப் போல விதையை மூக்கு விட வைத்துவிட்டு நின்றுவிடுமா, எங்கள் ஊரில் பெய்கிறதா இல்லையா, எதுவும் தெரியாது. எழுப்பினால் அவர் இதையெல்லாம் கேட்பார்.

"வேண்டாம் அத்தை" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "தூங்கட்டும்."

இடது கையை மட்டும் அவருக்கு மேலாக நீட்டி, சத்தம் வராமல் ஜன்னல் ஷட்டரை இறக்கினேன்.